சத்தியமும் இரகசியமும்: 1915ஆம் ஆண்டின் இராணுவ நீதிமன்றங்கள் பற்றிய ஒரு குறிப்பு

கொள்ளுப்பிட்டியில் பெட்ரிஸ் வீதி என்றொரு வீதி உளது. அதே குடும்பப் பெயரைக் கொண்டவரும் கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனுமான ஹென்றி பெட்ரிஸ், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி 1915 யூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய மன்றுகளில் எடுக்கப்படும் சத்தியத்தின் சமூகப் பொருள் யாது என்பதே இக்குறிப்பு எழுப்பும் வினாவாகும்.

சத்தியம், தெய்வ தண்டனைக்கு அஞ்சும் சமுதாயத்தில் தோன்றிய சான்று முறையாகும். முதலாளித்துவ வளர்ச்சியோடு அவ்வச்சம் தளர, உறுதியுரை அதன் இடத்தைப் பெறலாயிற்று. நாத்திகரான சார்ள்ஸ் பிராட்லோ பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நடத்திய போராட்டத்தின் விளைவாக 1888ஆம் ஆண்டுச் சத்தியச் சட்டம் பிறந்தது. இலங்கையில் 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் சத்தியத்திற்குப் பதிலாக உறுதியுரை வழங்க இடமளித்தது. இது முற்போக்கான மாற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆயின், நீதி வழங்குவோரின் சத்தியம் வேறு தன்மையது. 1881ஆம் ஆண்டுப் பிரித்தானிய இராணுவச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பக்கச்சார்பின்றி விசாரிப்பதாக இராணுவ நீதிமன்ற அங்கத்தவரைச் சத்தியஞ் செய்யப் பணித்தது. அதே மூச்சில், மேலதிகாரி உறுதிப்படுத்தும்வரை தண்டனையை வெளியிடேன் என்றும், எந்த அங்கத்தவர் எவ்வாறு வாக்களித்தார் என்பதைச் சட்டம் கோரினாலன்றிப் புலப்படுத்தேன் என்றும் சொல்ல வைத்தது. நீதிக்கான வாக்குறுதியும் இரகசியத்திற்கான வாக்குறுதியும் ஒரே சத்தியத்தில் பிணைக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது.

1915இல் முஸ்லிம்கள்மீது நிகழ்ந்த கொடிய வன்முறையை அடக்குவதற்கென யூன் 2ஆந் திகதி பிரகடனஞ் செய்யப்பட்ட இராணுவச் சட்டம், கலவரம் ஓய்ந்த பின்னரும் ஓகஸ்ட் 30வரை நீடித்தது. சாதாரண நீதிமன்றங்கள் இயங்கக்கூடிய நிலையிலும் குடிமக்கள் இராணுவ மன்றுகளில் நிறுத்தப்பட்டனர். பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலும் 1916இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலிலும் இதனைக் கண்டித்தார். அக்கண்டனம் துணிவுடையது, எனினும் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களின் துயருக்கு அது உரிய இடமளிக்கவில்லை. பெட்ரிசுக்குப் பெயரளவிலேனும் ஒரு மன்று கிடைத்தது. விசாரணை எதுவுமின்றிச் சுடப்பட்ட எளியோரின் பொருட்டு எவரும் சத்தியஞ் செய்யவில்லை. அவர்தம் பெயரால் வீதிகளும் இல்லை.

ஆகவே, சாட்சியின் மனச்சான்றுக்கு வழங்கப்பட்ட சுதந்திரத்தை மாத்திரம் கொண்டு ஒரு மன்றின் நீதியை அளத்தல் பொருந்தாது. நீதிபதியின் சத்தியம் அவரை யாருக்குக் கடமைப்படுத்துகிறது, மக்களுக்கா அதிகாரத்துக்கா, என்பதே அடிப்படை வினாவாகும்.