கைக்கணக்கிலிருந்து 85 கிரெயின் வரை: திருச்சிராப்பள்ளி கண்ட வெடிமருந்து அளவின் வரலாறு

பொன்மலை என்றால் திருச்சிக்காரர்களுக்கு ரயில்வே பணிமனையும் சந்தையும்தான் நினைவுக்கு வரும். 1753 ஜூனில் அந்தப் பாறைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினார்கள். பாறை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அதை மீட்க மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஏவிய கிரெனேடியர் வீரர்கள், துப்பாக்கியின் விசையைத் தொடாமலே பயனெட் கத்தியை நீட்டியபடி மேலே ஓடினார்கள். பாறை மீண்டது. கையில் துப்பாக்கி இருந்தும் சுடாமல் ஓடியதில் வீரத்தோடு கணக்கும் இருந்தது. அன்றைய மஸ்கெட்டை நம்பி 100 கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஓர் ஆளைக் குறிவைப்பது வீண்வேலை. ஒருமுறை சுட்டுவிட்டால் மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான்.

ஏறத்தாழ 120 ஆண்டு கழித்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடிய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள், பல நூறு கஜத் தொலைவிலுள்ள இலக்கைத் தைத்தது. அதற்குள் இருந்ததும் அதே கருமருந்துதான். குழலின் உட்புறத்தில் வெட்டிய புரிகள் இந்த மாற்றத்துக்குப் பாதிக் காரணம். மறுபாதி, மருந்தை அளக்கக் கற்றுக்கொண்டது. துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் புரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அளவைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுவார்கள். காவிரிக்கரையில் நடந்த முற்றுகைகளை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு வரி போதாது.

கருமருந்து மூன்றே சரக்கு: வெடியுப்பு, கந்தகம், கரி. ஆங்கிலேயர் 75, 10, 15 என்ற விகிதத்தில் நிலைகொண்டார்கள். வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து கப்பலேறியது. தமிழ்நாட்டிலும் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பும் வெடியுப்பும் எடுத்த உப்பிலியர்கள் இருந்தார்கள். வங்காளத்தின் ஈஷாப்பூர் ஆலையில் கரிக்குத் துவரைமாரை எரித்தார்கள். சரக்கு எளிது; ஒரே தரத்தில் மறுபடியும் மறுபடியும் செய்வதுதான் கடினம். வெடியுப்பில் சாதாரண உப்பு கொஞ்சம் கலந்திருந்தாலே மருந்து ஈரம் இழுக்கும். கரி கூடுதலாக வெந்துபோனால் எரியும் வேகம் மாறும். மணி பெரிதானால் மெதுவாகவும் பொடியானால் சட்டென்றும் எரியும். ஒரு பீப்பாய் மருந்துக்கும் அடுத்த பீப்பாய்க்கும் வேறுபாடு இருந்தால், துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

இதற்கு மேல் படைவீரனின் கைக்கணக்கும் சேர்ந்துகொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, அதிலுள்ள மருந்தில் கொஞ்சத்தைப் பற்றவைக்கும் கிண்ணத்தில் போட்டு, மீதியைக் குழலில் கொட்டினான். கிண்ணத்தில் விழுந்தது கூடினால் குழலில் இறங்குவது குறையும். சண்டை நடுவே, புகைக்குள், நடுங்கும் விரலால் செய்கிற பங்கீடு இது. குழலின் வாய் முக்கால் அங்குலம். குண்டு அதைவிடச் சிறிது. எரிந்த மருந்தின் கசடு படியப் படிய உள்வழி குறுகும் என்பதால், வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. குண்டு இடமும் வலமும் மோதிக்கொண்டே வெளியேறி, கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கேற்றபடி விலகிப் போகும். பாளையக்காரர் படைகளின் திரித்துப்பாக்கி நீண்ட குழல் கொண்டது, கம்பெனி மஸ்கெட்டைவிடத் தொலைவு போகக்கூடியது, கெட்டிக்கத்தான் நேரமாகும். அதிலும் மருந்தின் அளவு அவரவர் கைப்பழக்கமே.

இந்தக் குழப்பத்தை எண்களால் அவிழ்த்த மனிதர், திருச்சி முற்றுகை தொடங்கிய அதே காலத்தில், திருச்சியிலிருந்து அதிகத் தொலைவில்லாத கடலூரில் இருந்தார் என்பது வரலாற்றின் விசித்திரம். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742இல் பீரங்கி இயல் பற்றி வெளியிட்ட நூல், ‘மருந்து எவ்வளவு போட்டால் குண்டு எவ்வளவு வேகம் போகும்’ என்ற கேள்விக்கு முதன்முதலாகச் சோதனையால் விடை சொன்னது. அவர் செய்தது இதுதான்: இரும்புத் தகடு பதித்த கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டார். கட்டை பின்னால் ஆடிய தூரத்தை அதில் கட்டிய நாடாவால் அளந்தார். குண்டின் எடையும் கட்டையின் எடையும் தெரியும். மோதும்போது குண்டுக்கு இருந்த வேகத்தை அங்கிருந்து கணக்கிட்டுவிடலாம். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை ஒரு ஊசல் பிடித்துக் கொடுத்தது.

விடைகள் அன்றைய தளபதிகளுக்கு உவப்பானவை அல்ல. வேகமாகப் பறக்கும் குண்டைக் காற்று தடுக்கும் அளவு, அதுவரை எண்ணியதைவிடப் பன்மடங்கு அதிகம் என்று ராபின்ஸ் கண்டார். ஆகவே மருந்தை வாரிக் கொட்டி வேகத்தை ஏற்றினால், ஏற்றியதில் பெரும்பகுதியைக் காற்று சீக்கிரமே தின்றுவிடும். ஈரம் ஏறிய மருந்து வலுவிழப்பதையும் அவர் பதிவுசெய்தார். மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டு, அவற்றில் விழுந்த துளைகளைக் கொண்டு, உருண்டைக் குண்டு தன் சுழற்சியாலேயே பக்கவாட்டில் வளைவதைக் காட்டினார். 1747இல் ராயல் சொசைட்டியில் புரியிட்ட குழலின் மேன்மையை விளக்கி, அதைப் புரிந்துகொள்ளும் நாடே படைபலத்தில் முந்தும் என்று முன்கூட்டியே சொன்னார். லியோனார்ட் ஆய்லர் அவர் நூலை 1745இலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதைவிட நீண்ட விளக்கவுரையும் எழுதியிருந்தார்.

அப்படிப்பட்டவரைக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக 1750இல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வரவழைத்தது. அங்கேயே 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில், அவர் காய்ச்சலில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். திருச்சியில், ஆங்கிலேயர் ஆதரித்த நவாப் முகமது அலியை, அவருடைய போட்டியாளர் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1752இல் ஜாக் லாவின் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களையே கோட்டையாக்கிக்கொண்டு கடைசியில் சரணடைந்தது. அந்தச் சண்டைகளில் எங்கும் ராபின்ஸின் ஊசலுக்கு வேலையிருக்கவில்லை. பசியும் முற்றுகையும் நள்ளிரவுத் தாக்குதலுமே முடிவை எழுதின. 1753 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் இருட்டில் திருச்சிக் கோட்டையின் டால்டன் அரணில் ஓசையின்றி ஏறிவிட்டு, அங்கிருந்த பீரங்கிகளை ஊரை நோக்கித் திருப்பித் தாங்களே சுட்டார்கள். அந்தச் சத்தம் கோட்டைக்காரர்களை எழுப்பியது, வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். துல்லியம் என்பது யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை.

மருந்து பிழைத்தால் என்ன ஆகும் என்பதையும் திருச்சி பார்த்தது. 1760களின் தொடக்கத்தில் இங்கே மருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகப் பாதிரியார் சுவார்ட்ஸ் பள்ளி தொடங்கினார்.

ராபின்ஸின் ஊசலை வூல்விச்சில் சார்ல்ஸ் ஹட்டன் தொடர்ந்தார். குண்டின் வேகம் மருந்து எடையின் வர்க்கமூலத்தை ஒட்டியே ஏறுகிறது என்று அவர் நிறுவினார். 1778இல் அதற்காகக் காப்ளி பதக்கம் பெற்றார். எளிதாகச் சொன்னால், மருந்தை இரண்டு பங்காக்கினாலும் வேகம் ஒன்றரைப் பங்குகூட ஆகாது. உதையும் கசடும் மட்டும் தாராளமாகக் கூடும்.

இந்த அறிவு ஐரோப்பாவில் வளர்ந்தபோது தமிழ்நாட்டின் ஆயுதக் கைத்தொழிலுக்கு நேர்ந்தது வேறு. 1801 ஜூன் 16 அன்று ஆங்கிலேயருக்கு எதிரான மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் போர் முடிந்தது. டிசம்பர் 1 அன்று, கிளைவின் மகனான சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், பாளையக்காரர் நாட்டில் ஆயுதம் தாங்குவதையே தடைசெய்தார். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. ஒரு நாட்டின் துப்பாக்கிக் கலை தானே தேங்கியது என்பவர்கள், இந்த இரண்டு தேதிகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. தட்டினால் தீப்பிடிக்கும் கேப் வந்ததும், மருந்தைக் கிண்ணத்துக்கும் குழலுக்கும் பங்கிடும் வேலை ஒழிந்தது. துல்லியத்துக்கு அது செய்த உதவி பெரிது. 1853 மாடல் என்ஃபீல்டு புரியிட்ட குழலோடு வந்தது. அதன் தோட்டாவின் கொழுப்பு 1857இல் என்ன செய்தது என்பது ஊரறிந்தது. 1866 முதல் பின்பக்கமாகத் தோட்டா போடும் ஸ்னைடர், 1871இல் மார்ட்டினி-ஹென்றி. 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் வெள்ளைப் படையைவிட ஒரு தலைமுறை பிந்திய ஆயுதமே தரப்பட்டது. திருச்சிப் பாசறைக்கும் அதுதான் விதி.

மார்ட்டினியின் தோட்டாவைத் திறந்து பார்த்தால் ராபின்ஸ் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உள்ளே விடை இருக்கும். மருந்து 85 கிரெயின், அதாவது சுமார் ஐந்தரை கிராம். முன்னால் 480 கிரெயின் ஈயக்குண்டு. வெறும் ஈயம் மென்மையானதால் சிறிது வெள்ளீயம் கலந்தது. குண்டு நேரடியாகப் புரியில் உரசாமல் காகிதம் சுற்றியிருக்கும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே அட்டை வில்லைகளும் தேன்மெழுகு வில்லையும். அந்த மெழுகுதான் கெட்டிக்காரத்தனம். ஆய்வாளர்கள் நோபிளும் ஏபலும் 1875இல் அளந்தபடி, எரிந்த கருமருந்தின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு திடப்பொருளாகவே எஞ்சுகிறது. பாதிக்கு மேல் புகையும் கசடுமாகப் போகிற எரிபொருள்! வறண்ட வெயிலில் அந்தக் கசடு குழலுக்குள் கல்லாக இறுகும்; அடுத்த குண்டு அதன்மேல் ஏறித் தடம் மாறும். ஒவ்வொரு சூட்டிலும் உருகும் மெழுகு அதை இளக்கி வைத்தது. மருந்தின் மணி அளவையும் அரசு நிர்ணயித்தது. அளந்தது இயந்திரம், சிப்பாயின் விரலுக்கு அதில் வேலையில்லை.

1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் நடந்த போட்டி இந்த முறைக்குப் பொதுமேடைச் சோதனை ஆயிற்று. குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் ரைஃபிளுடன் வந்த அயர்லாந்து அணியை, பின்பக்கமாகத் தோட்டா போடும் ஒற்றைச்சூட்டு ரைஃபிள்களுடன் அமெரிக்கர்கள் 934க்கு 931 என்று வென்றார்கள். தொலைவு 800, 900, 1,000 கஜம். அயர்லாந்துக்காரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியை அழகாக அடித்துப் புள்ளியை இழந்தார். ஆகவே அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைத் துப்பாக்கியின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இன்றும் இத்தகைய ரைஃபிளால் போட்டியிடும் நாடுகளில், மருந்தை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசில் நிறுத்துகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்க்கிறார்கள். சூட்டுக்குச் சூடு குழலைத் துடைக்கிறார்கள்.

இந்தியாவில் கருமருந்தின் ராணுவ ஆட்சி நீலகிரியில் முடிந்தது என்று சொல்லலாம். 1903இல் அருவங்காட்டில் கார்டைட் ஆலை நிறுவப்பட்டது. புகையும் கசடும் அதிகமில்லாத புதிய மருந்து வந்துவிட்டது. 1966இல் திருச்சியில் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை தானியங்கித் துப்பாக்கிகளின் காலத்தைச் சேர்ந்தது. கருமருந்தும் கெஜக்கோலும் ஊருக்கு வெளியே, தேவராயநேரி நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியில் நீடித்தன. 1972 வனவிலங்குச் சட்டம் அந்த வேட்டையையும் நிறுத்தியது. அந்தக் கைக்கணக்கை அறிந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியது நாட்டாரியல் துறைகளின் வேலை. பழைய மருந்துக்குடுவையோ அளவுச்சிமிழோ குண்டு வார்க்கும் அச்சோ பரணில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாமல் ராணி மங்கம்மாள் மகாலில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் முதலில் காட்டுங்கள்.