கஷாயமும் கஞ்சியும்

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு ஜுரம் பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் வழங்கிற்று. கைலாசபுரத்தில் எங்கள் வீட்டிலும் காய்ச்சினோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சீனத்து வைத்தியர் சாங் சோங்சிங், குளிர்காற்றுப் பட்டு வரும் ஜுரத்துக்கு ஐந்து சரக்கில் ஒரு கஷாயம் எழுதிவைத்தார்: லவங்கப்பட்டைச் சுள்ளி, பியோனி வேர், இஞ்சி, இலந்தை, அதிமதுரம். அதைக் குடித்தபின் சூடான கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு, லேசாக வியர்க்க வேண்டுமாம்.

சீனத்தையே அறியாத என் பாட்டியும் அப்படித்தான் செய்வாள். ஆனால் என் தம்பிக்கு மூன்றாம் நாளும் ஜுரம் இறங்காதபோது, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். பிள்ளை பிழைத்தான். எப்போது நிறுத்துவது என்று அறிவதும் வைத்தியம்தானே!