மெஸ்கால்: ஒரு பெயரின் சரித்திரம்

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர்களின் பெயர்களை நீக்கிவிட்டுக் கவிதைகளை மட்டும் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னதும், அதன் விளைவுகளை 1929-ல் புத்தகமாக வெளியிட்டதும் நம்மில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். பெயர் ரசனையைக் கெடுக்கிறது, படைப்பு மட்டும் போதும் என்ற கட்சியில் பி.ஏ. முடித்த கையோடு நானும் சேர்ந்து பத்து வருஷம் இருந்தேன். என்னை அதிலிருந்து விலக்கியது எந்த விமர்சன நூலும் அல்ல. மெக்ஸிகோவின் வஹாக்கா மாநிலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த கால் லிட்டர் சாராயம்.

மொட்டைமாடியில் நான்கு பேர் இருந்தோம். நண்பர் புட்டியைச் செய்தித்தாளில் சுற்றியே வைத்திருந்தார். எவர்சில்வர் தம்ளர்களில் ஒரு விரற்கடை ஊற்றி, ஒரே மடக்கில் விழுங்காமல் உதட்டை நனைத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் குடிக்கச் சொன்னார். "புகை" என்றார் ஒருவர். மற்றவர்களும் அதற்கு மேல் போக முடியவில்லை. பிறகு சில துளிகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொன்னார். ஆல்கஹால் பறந்தபின் தங்கிய வாசனையை முகர்ந்துவிட்டு, எங்களில் கவிதை எழுதுபவர் "சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு" என்றார். அதன் பிறகே நண்பர் காகிதத்தைப் பிரித்தார். கையால் எழுதி ஒட்டிய சீட்டில் செடியின் பெயர், கிராமம், வடித்தவர் பெயர், தேதி, அந்த ஈட்டில் மொத்தம் எத்தனை லிட்டர் என்பது எல்லாம் இருந்தன. செடி தெபெஸ்தாத்தே. பாறைச் சரிவுகளில் தானாக வளர்ந்து முதிர 25 வருஷம் வரை எடுத்துக்கொள்வது. அதைத் தெரிந்துகொண்டு குடித்த இரண்டாவது மிடறு முதல் மிடறாக இல்லை. இது வெறும் பிரமைதானா என்று அன்றிரவு எழுந்த கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தச் சரித்திரத்துக்குள் போனேன்.

'மெஸ்கால்' நாவட்ல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. 'சுட்ட கற்றாழை' என்று பொருள். இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நட்டு நாம் ரயில் கற்றாழை என்று சொல்வதும் அந்த மெக்ஸிகோ இனத்தில் ஒன்றுதான். ஆயுளில் ஒரே முறை பூத்துவிட்டுச் சாகும் செடி. பூத்தண்டு கிளம்பும்போதே அதை வெட்டிவிட்டால் சர்க்கரை முழுவதும் அடிக்கிழங்கில் தேங்கும். மடல்களைச் சீவி எறிந்து அந்தக் கிழங்கைத் தரையில் தோண்டிய குழியில், விறகுத் தீயில் பழுத்த கற்கள்மேல் அடுக்கி, மண்ணால் மூடி மூன்று முதல் ஐந்து நாள் வேகவைக்கிறார்கள். பிறகு குதிரையோ கோவேறு கழுதையோ இழுக்கும் கல்சக்கரத்தில் நசுக்கி, மரத்தொட்டிகளில் ஊறல் போட்டு, காற்றிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே புளிக்கவிட்டு, இரண்டு முறை வாலையிலிட்டு வடிக்கிறார்கள். நாங்கள் கண்ட புகை அந்தக் குழியுடையது. புகையே மெஸ்காலின் ருசி என்பது சந்தத்தையே கவிதை என்பதற்குச் சமம்.

வாலை எங்கிருந்து வந்தது என்பதில் சர்ச்சை உண்டு. ஸ்பானியர் வருவதற்கு முன்பே வடித்தல் இருந்தது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். சந்தேகமில்லாமல் இருந்தது புல்க்கே: கற்றாழைச் சாற்றைப் புளிக்கவைத்த கள். அதற்கு மயாவெல் என்ற தெய்வமும் இருந்தது. எழுத்துச் சான்றுகள் வலுவாகக் காட்டும் வழி வேறொன்று. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் வந்தார்கள். கொலிமா கடற்கரையில் தென்னங்கள் இறக்கி, அதை ஆசிய வாலையில் வடித்தார்கள். ஆவி மேலே குளிர்நீர்ச் சட்டியின் அடியில் பட்டுத் துளியாகி, உள்ளேயே ஓர் அகப்பையில் விழுந்து குழாய் வழியே வெளியேறும் அமைப்பு அது. கள்ளுக்கு அவர்கள் சொன்ன 'தூபா' என்ற பெயர் கொலிமாவில் இன்றும் புழங்குகிறது. அதே வாலையில் பிற்பாடு கற்றாழை ஏறியது. வஹாக்காவின் சாந்தா கத்தரீனா மீனாஸ் கிராமத்தில் இன்றும் மண்பானைகளில் ஏறக்குறைய இதே முறையில் வடிக்கிறார்கள். அங்கிருந்து கற்றாழை நமக்கு வேலியாக வந்தது. நாம் அறிந்த கள் அவர்கள் கரைக்குச் சென்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலை நம் பாடப்புத்தகங்கள் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

அரசாங்கத்தின் எதிர்வினை உடனே தொடங்கியது. செபஸ்தியான் தெ பினேதா என்ற கப்பல் தலைவர், இந்தப் பிலிப்பைன்ஸ் ஆட்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் அங்குள்ளவர்கள் ஸ்பானிய மதுவை விட்டுத் தென்னைச் சாராயத்துக்கே போய்விடுவார்கள் என்று 1619-ல் மன்னருக்கு எழுதினார். 1621-ல் தொமிங்கோ லாசரோ தெ அர்ரேகி எழுதிய நூவா கலீசியா வர்ணனையில், வேகவைத்த கற்றாழையிலிருந்து தண்ணீரைவிடத் தெளிவான மது வடிக்கப்படுவது பதிவாகியிருக்கிறது. 1785-ல் மூன்றாம் கார்லோஸ் நாட்டுச் சாராயம் அனைத்தையும் தடைசெய்தார். 1795-ல் குவேர்வோ குடும்பத்துக்கு உரிமம் கிடைத்தது. உரிமம் கிடைக்காதவன் ஓடைப்பள்ளங்களில் ஒளிந்து வடித்தான். சோனோரா மாநிலத்தின் பக்கனோரா என்ற மெஸ்கால் 1915 முதல் 1992 வரை சட்டவிரோதம். ஸ்பெயின் போய்ப் புரட்சி வந்தும் தடை மட்டும் வாரிசு தவறாமல் தொடர்ந்திருக்கிறது.

பெயரின் கதை இங்கேதான் கிளை பிரிகிறது. டெக்கீலா என்பது தொடக்கத்தில் டெக்கீலா ஊரின் மெஸ்கால், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆலைகளும் ஏற்றுமதியும் வந்தபின் அது மெஸ்கால் என்ற சொல்லை உதறிவிட்டு, ஒரே ஒரு நீலக் கற்றாழை வகையைப் பிடித்துக்கொண்டது. சர்க்கரையில் 51 சதவீதம் கற்றாழையிலிருந்து வந்தால் டெக்கீலா என்று எழுதிக்கொள்ள இன்றைய சட்டம் அனுமதிக்கிறது. உதறப்பட்ட பெயர் ஏழைக் குடியானவனின் குடியாக நின்றது. 1950-ஐ ஒட்டி யாரோ புட்டிக்குள் புழுவைப் போட்டு விற்க ஆரம்பித்தபின் அது வேடிக்கைப் பொருளாகவும் ஆயிற்று.

இலக்கியமும் இந்தப் பெயருக்கு நல்லது செய்யவில்லை. மால்கம் லௌரியின் எரிமலை நாவலில் (1947) கான்சலுக்கு மெஸ்கால் கடைசிப் படி, அதற்கப்பால் மரணம்தான். மகத்தான நாவல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடியை வடித்த ஒரு கை அதில் உண்டா என்று இப்போது திரும்பப் படிக்கையில் தேடுகிறேன். ஓர் ஆங்கிலேயனின் ஆன்ம வீழ்ச்சிக்குக் குறியீடாகப் பயன்பட்டதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஹக்ஸ்லி 1953-ல் உட்கொண்ட மெஸ்கலின் பெயோட்டே என்ற கள்ளியில் உள்ள பொருள். மெஸ்காலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிப் பேசாத சிறுபத்திரிகைக்காரரை நான் அபூர்வமாகவே சந்தித்திருக்கிறேன். நானும் குழப்பியவன்தான்.

1994-ல் மெஸ்காலுக்குப் பூர்விகப் பெயருரிமை வந்தது. முதலில் ஐந்து மாநிலங்கள், பிறகு மேலும் சில. பட்டியலுக்கு வெளியே தலைமுறைகளாக வடித்தவன் தன் பாட்டன் சொன்ன சொல்லைச் சீட்டில் எழுதினால் குற்றம். 2015-ல் ஒரு வரைவு விதி, அப்படிப்பட்டவர்கள் 'கோமில்' என்ற, யார் வாயிலும் இல்லாத சொல்லை எழுத வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியபின் அந்தச் சொல் கைவிடப்பட்டது. 2016-ன் தரவிதி மெஸ்கால் முழுக்கக் கற்றாழையாகவே இருக்க வேண்டும் என்று கூறி, பொது, கைவினை, பூர்விகம் என மூன்று வகைகளை வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் சான்றிதழுக்குப் பணம் வேண்டும், காகிதம் வேண்டும், நகரத்துக்கு அலைய வேண்டும். ஆகவே எல்லைக்கு உள்ளேயே இருக்கும் சிறு வடிப்பாளர் பலர் வெறும் 'கற்றாழை வடிப்பு' என்று எழுதி விற்கிறார்கள். ஒரு காலத்தில் தடைசெய்த அதே காகிதம் இப்போது அங்கீகரிக்கிறது. காகிதம் யார் கையில் என்பது மட்டும் மாறவில்லை.

ரசிகனின் பங்கும் இதில் இருக்கிறது. 1995-ல் ரான் கூப்பர் என்ற அமெரிக்க ஓவியர் கிராமத்தின் பெயரைப் புட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார். உலகம் சிறு ஈடுகளைத் தேட ஆரம்பித்தது. சான்றிதழ் பெற்ற உற்பத்தி 2011-ல் ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர்; 2022-ல் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம். தொபலாவும் தெபெஸ்தாத்தேயும் மலைகளில் அருகிவருகின்றன. பூக்கும் முன்பே எல்லாத் தண்டும் வெட்டப்பட்டால், அந்தப் பூவை நம்பிப் பறந்து வரும் வௌவாலுக்குத் தேன் இல்லை. செடிக்கு விதையும் இல்லை. 25 வருஷம் எடுத்து வளர்ந்ததை நாங்கள் நால்வர் முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். அபூர்வமானதைக் கண்டெடுத்துப் பெயர் சொல்லும் விமர்சகன், அந்தச் சொல்லாலேயே அதைச் சந்தைக்கும் அனுப்பிவைக்கிறான். முந்நூறு பிரதி பத்திரிகையில் எழுதுபவனுக்கு இந்தப் பொறுப்பு கிடையாது என்று நினைத்துக்கொள்வது சௌகரியமான பொய்.

இருந்தாலும் ரிச்சர்ட்ஸிடம் திரும்பிப் போக என்னால் முடியவில்லை. பெயரை மறைத்துக் குடிப்பது நாக்குக்கு நல்ல பயிற்சி, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குடியின் பெயரை நானூறு வருஷமாகச் சரித்திரமே மறைத்துவந்திருக்கிறது. நாமும் மறைத்தால் அதற்குப் பெயர் நடுநிலை இல்லை. இரண்டாவது மிடறில் நான் உணர்ந்தது பிரமையல்ல. தகவல் நாக்கில் எதையும் சேர்க்கவில்லை. முதலிலேயே அங்கிருந்த பச்சைமிளகாய் வாசத்தையும் ஈரக்கல் மணத்தையும் கவனிக்கும்படி செய்தது, அவ்வளவே.

வடிப்பவர் சரக்கின் வீரியத்தை அளக்க, ஒரு நாணல் குழாயில் உறிஞ்சிச் சுரைக்குடுவையில் பீய்ச்சுவார். 45-க்கும் 55-க்கும் இடையே இருந்தால் குமிழிகள் முத்துப்போல் நிற்கும்; கூடினாலும் குறைந்தாலும் உடனே கலைந்துவிடும். நாள் முழுவதும் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே என் உத்தியோகம். அன்றிரவு அந்தச் சீட்டையும் பழக்கதோஷத்தில் இரண்டாம் முறை பார்த்தேன். செடி, ஊர், ஆள், தேதி, எல்லாம் இருந்தன. மெஸ்கால் என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. நண்பர் புட்டியைக் குலுக்கிக் காட்டினார். குமிழிகள் வெகுநேரம் நின்றன.