வாய்மொழியும் வரிப்பொத்தகமும்

முதலாம் ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டு, 92-ஆம் நாள். கி.பி. 1005-06 காலம். தஞ்சாவூர்ப் புறம்படியில் ராஜாசிரயன் என்ற மாளிகையின் தெற்கு மண்டபத்தில் மன்னர் வீற்றிருக்கிறார். கடல்கடந்த கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் எழும்பிக்கொண்டிருந்த பௌத்த விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான நிலக்கொடையாகத் தருவதாகத் திருவாய் மலர்கிறார்.

'சிவபாதசேகரன்' என்று பட்டம் சூடிக்கொண்டவர் ராஜராஜன். ஈசான சிவபண்டிதரைக் குருவாகக் கொண்டவர். அப்படிப்பட்ட சைவர் புத்தப் பள்ளிக்கு நிலம் தந்ததை எல்லோரும் வியந்து பேசுகிறோம். கடல் வணிகத்தில் கடாரத்தின் நட்பு சோழர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நினைத்தால் அந்த வியப்பு சற்றுக் குறையும். மன்னர் வாய்திறந்த பிறகு நடந்தவைதாம் இன்னும் சுவையானவை.

அரசர் சொன்னதைக் கேட்டு எழுதத் திருமந்திர ஓலை எழுதுபவர் இருந்தார். எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்து ஒப்பமிட்டவர்கள் திருமந்திர ஓலை நாயகங்கள். அதன்பின் ஓலை, வருவாய்த் துறையான புரவுவரித் திணைக்களத்துக்குப் போனது. அங்கே கண்காணி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள். 96-ஆம் நாளில்தான் அந்த ஆணை வரிக்கணக்கில் ஏறியது. தஞ்சைக்குள்ளேயே நான்கு நாள்!

வேலை அதோடு முடியவில்லை. ஓலை அப்பகுதிக்கு வந்ததும் நாட்டார் எதிர்கொண்டு வணங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். பெண் யானை ஒன்றை ஊர் எல்லையைச் சுற்றி நடத்தி, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். அக்கம்பக்கத்து ஊரார் கையெழுத்திட்டார்கள். எல்லாம் முடிந்து கொடைப் பத்திரமான அறவோலை தயாரானபோது 23-ஆம் ஆட்சியாண்டு பிறந்துவிட்டது.

ஏன் இத்தனை கை? ஆனைமங்கலத்து நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். அதிலிருந்து வந்த நெல் 8,943 கலம்; அதற்கு மேலிருந்த தூணி, குறுணி, நாழியைக்கூடக் கணக்கர்கள் விடவில்லை. அவ்வளவு வருவாயும் இனி அரசுக் களஞ்சியத்துக்கு வராது. தனி ஓர் அதிகாரி அரசரின் பெயரைச் சொல்லி ஊரை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி, ஒருவர் எழுத்தை இன்னொருவர் சரிபார்த்தார். சில ஆண்டுகளுக்கு முன் நாடெங்கும் நிலம் அளக்கவைத்த மன்னர், தம் சொந்தத் தர்மத்தையும் அதே கணக்குக்குள் நிறுத்தினார்.

ராஜராஜனின் அதிகாரிகள் பலருக்குப் போர், கோயில், கணக்கு என்ற பிரிவினை கிடையாது. சேனாபதி கிருஷ்ணன் ராமன் என்ற மும்முடிச்சோழ பிரம்மமாராயர்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்தார். அக்கோயிலின் நிர்வாகமான ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், மன்னருக்கும் அரசி லோகமாதேவிக்கும் செப்புத் திருமேனிகள் செய்து வைத்தார்.

ராஜராஜன் மறைந்த பின் மகன் ராஜேந்திரன் இந்தக் கொடையை 21 செப்பேடுகளில் வெட்டுவித்தான். தந்தை சொன்ன இடம், நாள், கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் உட்பட எல்லாம் அவனுக்குக் கிடைத்ததற்குக் காரணம், புரவுவரிக்காரர்கள் பிடிவாதமாக எழுதிவைத்த ஓலைகள்தாம்.