வட்டுக்கோட்டை வாசலில் நின்றவர்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வடமேற்கே, வட்டுக்கோட்டையிலே, பழைய கற்கோயில் ஒன்று உண்டு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் என்னும் இரு சாராரின் ஆட்சியையும் கண்டு, பின்னர் சிதைந்து கிடந்த அக்கோயிலையும் அதன் வளவையும் 1817ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் ஏற்றுச் செப்பனிட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர்கள் இலங்கைக் கரையில் இறங்கித் தெல்லிப்பழையில் முதல் நிலையத்தை அமைத்திருந்தார்கள். வட்டுக்கோட்டை வளவில் 1823இல் ஒரு கல்விக்கூடம் தோன்றியது. பின்னாளில் செமினறி என்று பெயர்பெற்ற அது, முப்பத்திரண்டே ஆண்டுகள் நிலைத்து மறைந்தது. அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளின் கதை, ஒரு வகையில், தயக்கத்தின் கதையாகும்.

அதன் முதல் அதிபர் டானியேல் பூர். இலக்கணம், கணிதம், வானசாஸ்திரம், தருக்கம், வேதாகமம் ஆகிய யாவும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆங்கிலத்தோடு தமிழும் தக்க இடம் பெற்றது. இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் தெனந்து, 1850இல் வெளியிட்ட நூலில், செமினறியின் கல்வித் தரத்தை ஐரோப்பியச் சர்வகலாசாலைகளோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். எனினும், அதனைத் தோற்றுவித்தோரின் முதல் நோக்கம் புலமை அன்று. கல்வி உள்ளத்தைத் திறக்கும், திறந்த உள்ளத்திலே விசுவாசம் புகும் என்பதே அவர்களது கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு சிக்கலானது என்பதை 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் காட்டிற்று. அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அக்காலத்தில் குடாநாடெங்கும் மதிப்புப் பெற்றிருந்தது. அதிற் கண்ட கிரகண நேரத்தில் பிழை உண்டென்று பூர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகண இரவு வந்தது. பூரின் கணிதமே சரியாயிற்று. பஞ்சாங்கம் பொய்த்தால் புராணமும் பொய்க்கும் என்று எதிர்பார்த்தவர்கள் மிஷனரிமார். மாணவரோ புதிய கணிதத்தைக் கற்றுக்கொண்டார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அறிவு ஒரு வழியாலும் பக்தி வேறொரு வழியாலும் வருவன என்பதை அவர்கள் தம் ஆசிரியரினும் தெளிவாக உணர்ந்திருந்தார்கள் போலும்.

ஆயினும் செமினறி மாணவர் எல்லாரும் அலட்சியமாக இருந்தவரல்லர். 1824இல் தெல்லிப்பழையில் தொடங்கிய ஆன்மிக எழுச்சி பிற நிலையங்களுக்கும் பரவிற்று. 1825 ஜனவரியிலே சண்டிலிப்பாயில் ஏறத்தாழ 40 பேர் ஒருங்கே சபையிற் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு சேர்ந்தவர்களைக் காட்டிலும், வாசல்வரை வந்து நின்றவர்களே மிகுதி. வேதவசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள்; ஜெபக் கூட்டத்தில் அமர்வார்கள்; ஞானஸ்நானம் என்றவுடன் நாளை என்பார்கள். அகிரிப்பா அரசன் பவுலின் மொழியைக் கேட்டு, ஏறக்குறைய இணங்கி, பின் எழுந்து சென்ற காட்சி வட்டுக்கோட்டையில் ஆண்டுதோறும் நிகழ்ந்தது எனலாம்.

இத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுதல் எளிது. அது நீதியன்று. ஞானஸ்நானம் பெறும் வேளாள இளைஞன் ஒருவன் சுற்றத்தாரின் பந்தியை இழக்க நேரிடும். சீதனத்தோடு வரவேண்டிய கலியாணம் தடைப்படும். தாய் தந்தையருக்குச் செய்யவேண்டிய அந்தியக் கிரியையிலும் அவனுக்கு இடமிராது. தொடக்க காலத்தில் விடுதிப் பிள்ளைகள் கிறிஸ்தவ நிலத்திற் சமைத்த சோற்றை உண்ணவே மறுத்தனர் என்பதை எண்ணினால், ஒரு கைப்பிடி நீருக்கு அவ்வூரில் இருந்த விலை விளங்கும். அமெரிக்க உபகாரிகளின் பெயரை ஏற்றுக்கொள்வது அத்துணைக் கடினமாயிருக்கவில்லை. 1841இல் மானிப்பாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான தமிழர் இருவரும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற பெயர்களைத் தாங்கியவர்களே.

தயக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததா? மிஷனரிமார் நியூ இங்கிலாந்துச் சபைமரபில் வளர்ந்தவர்கள். உள்ளம் மாறியதற்கு ஐயமற்ற அடையாளம் காணும்வரை ஒருவரையும் சபையிற் சேர்க்க அவர்கள் துணிவதில்லை. உத்தியோகத்துக்காக வருகிறானோ, சோற்றுக்காக வருகிறானோ என்று ஐயுற்று மாதக்கணக்கிற் காத்திருக்கச் செய்தார்கள். காத்திருந்த காலத்திலே வீட்டார் விழித்துக்கொண்டனர், கலியாணம் பேசப்பட்டது, பையன் திரும்பி வரவில்லை. எச்சரிக்கை தவறன்று, ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது.

அரசாங்கத்தின் தயக்கமும் இக்கதையில் உண்டு. 1820இல் அச்சுக்கலைஞர் ஜேம்ஸ் கரெட் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்க அனுமதிக்கவில்லை. பிற நாட்டு மிஷனரிமார் புதிதாக வருவதற்கிருந்த அத்தடை 1833ஆம் ஆண்டு வரை நீடித்தது. கல்லூரி என்ற பெயரும் அரசின் இசைவைப் பெறவில்லை. செமினறி என்ற அடக்கமான பெயரே நிலைத்தது.

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது மற்றொன்று. சைவ சித்தாந்தத்தின் ஆழத்தை மிஷன் காலங்கடந்தே நோக்கிற்று. பூருக்குப் பின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன், தத்துவக் கட்டளை, சிவஞான போதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அரிய உழைப்பு. ஆனால் அது அச்சேறியது 1854இல். அச்சேறிய இடம் அமெரிக்கா. அதற்குள் யாழ்ப்பாணத்தில் காலம் மாறிவிட்டது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப் பிரசங்கம் தொடங்கி, 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவியிருந்தார். பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சியந்திரம் என்னும் மிஷனின் கருவிகளே சைவத்தின் கருவிகளுமாயின. வாசலில் நின்ற இளைஞர்க்கு இப்போது திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. அதுவும் புதுப்பிக்கப்பட்ட வீடு.

1855இல் பொஸ்தன் தலைமைச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் குடாநாட்டுக்கு வந்தார். ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கே ஆளனுப்புகிறது, மாணவருட் சபையோர் சிலரே, செலவோ பெரிது என்பன அவர் கண்ட குறைகள். சுதேச சபை தன்னைத் தானே தாங்கித் தானே நடத்தித் தானே பரப்பவேண்டும் என்ற உயர்ந்த கொள்கையுடையவர் அவர். அக்கொள்கைக்கு வேண்டிய ஆட்களை உருவாக்கக்கூடிய கல்விக்கூடத்தையே அதன் பொருட்டு மூடச் செய்தார். அவ்வாண்டு பெப்ரவரியிலே மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்த டானியேல் பூர் அந்த முடிவைக் காண இருக்கவில்லை.

மூடிய இரண்டொரு ஆண்டுகளுக்குள் சென்னைச் சர்வகலாசாலை தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்திற்று. தேறிய இருவரும் வட்டுக்கோட்டையில் கற்றவர்களே: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் கிறிஸ்தவப் பெயருடன் கற்று, பின் சைவத்துக்கே மீண்டனர். 1887இல் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்துச் சங்க இலக்கியத்துக்கு மறுவாழ்வு தந்தோருள் ஒருவரானார் தாமோதரம்பிள்ளை. மிஷன் இழந்ததாக எழுதிய கணக்கைத் தமிழ் வரவாக எழுதிக்கொண்டது. நின்று நிலைத்தவர்களும் இருந்தனர். தமிழ்ப் புலவர் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற பெயரால் 1886இல் வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறிஸ்தவர்.

செமினறியின் வளவு வெறுமையாக நெடுங்காலம் கிடக்கவில்லை. 1859இல் தமிழ்வழிப் போதனாபாடசாலை ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. அது போதாதென்று கண்டவர்கள் பழைய மாணவர்கள். ஒருகாலத்தில் ஞானஸ்நானத்துக்காகக் காத்திருக்க வைக்கப்பட்ட தலைமுறையினர், இம்முறை பொஸ்தனின் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. தாமே கூடிப் பேசினர், பணம் திரட்டினர், அமெரிக்க நண்பரின் உதவியையும் நாடினர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில், செமினறியின் பழைய ஆசிரியர் ஹேஸ்டிங்ஸ் அதிபராக, கதவு திறந்தது.