அன்று இவர் போரிட்ட கப்பல்... பிறகு இந்தியக் கடற்படையில்! யார் இந்த எட்வர்ட் பாரி?

1947-லயே சுதந்திரம் கிடைச்சாலும், 1958 வரை நம் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தது பிரிட்டன் அதிகாரிகள்தான். காரணம்? அந்தப் பதவிக்கான சீனியாரிட்டி அப்போது இந்திய அதிகாரிகளுக்கு இல்லை. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் எட்வர்ட் பாரி.

1939 டிசம்பர் 13: தென் அமெரிக்கா அருகே ஜெர்மனியின் 'கிராஃப் ஸ்பீ' போர்க்கப்பலுடன் சண்டை. எதிர்த்த 3 கப்பல்களில் 'அக்கிலீஸ்' கப்பலின் கேப்டன் பாரி. காயம்பட்டும் சண்டையைத் தொடர்ந்தார். 4 நாளில் கிராஃப் ஸ்பீயை அதன் கேப்டனே மூழ்கடித்தார்.

1948: அதே அக்கிலீஸை இந்தியா வாங்கி, 'டெல்லி' எனப் பெயர் வைத்தது. அதே ஆண்டு பாரியும் கடற்படைத் தலைவரானார். 1951 வரை பதவியில் இருந்தார்.

1956: அந்தச் சண்டை சினிமாவானபோது, அக்கிலீஸாக நடித்ததும் நம்ம டெல்லி கப்பல்தான்.

1958 ஏப்ரல் 22: செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி, கடற்படையின் முதல் இந்தியத் தலைவரானார்.