கேன்டர்பரியும் ஓரியூரும்

ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் 1935-ல் எழுதிய 'மர்டர் இன் தி கதீட்ரல்' என்ற கவிதை நாடகத்தைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிந்திருப்பார்கள். மன்னர் இரண்டாம் ஹென்றியைப் பகைத்துக்கொண்டு பிரான்சில் அடைக்கலம் புகுந்த பேராயர் தாமஸ் பெக்கெட், 1170 டிசம்பரில் கேன்டர்பரிக்குத் திரும்புகிறார். அதே மாதம் 29-ம் நாள் தன் பேராலயத்திலேயே வெட்டிக் கொல்லப்படுகிறார். சாவு காத்திருக்கிறது என்று தெரிந்தும் ஏன் திரும்பினார் என்பதே நாடகத்தின் உயிர்.

இதே கேள்வியை எழுப்பும் வரலாறு ஒன்று நம் மதுரைச் சீமையிலும் உண்டு. அதன் நாயகர் அருளானந்தர் என்று மக்கள் அழைத்த ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர். பின்னாளில் போர்ச்சுகல் மன்னரான இரண்டாம் பெட்ரோவின் பால்ய நண்பர். சேசு சபையில் சேர்ந்து, ராபர்ட் டி நொபிலி 1606-ல் வந்து பணியாற்றிய மதுரை மிஷனுக்கு வந்தார். காவியுடை, மரக்கறி உணவு, பண்டார சாமி கோலம். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு ஆளானார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி, கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார்.

அதன்பின் மிஷன் பணிக்காக ஐரோப்பா அனுப்பப்பட்டார். அங்கேயே இருந்துவிடும்படி மன்னர் வற்புறுத்தினார். இவரோ 1690-ல் கோவா வந்திறங்கி, மறுபடியும் மறவர் சீமைக்கே போனார்!

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர், நோய் தீர்ந்தபின் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவி மட்டுமே இருக்கலாம் என்றார் அருளானந்தர். தேவரும் மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளைய மனைவி சேதுபதியின் உறவுப்பெண். அவள் சேதுபதியிடம் முறையிட்டாள். 1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். முந்தின நாள் சிறையிலிருந்து, கரி கரைத்த நீரை மையாகவும் வைக்கோலை எழுதுகோலாகவும் கொண்டு கடிதம் எழுதினார். சாவை எதிர்நோக்கும் மகிழ்ச்சி அதில் தெரிகிறது.

இந்த மகிழ்ச்சிதான் என்னை யோசிக்க வைக்கிறது. எலியட்டின் நாடகத்தில் பெக்கெட்டைச் சோதிக்க நான்கு பேர் வருகிறார்கள். நான்காமவன், தியாகியாகிப் புகழ் பெறு என்று ஆசை காட்டுகிறான். அவன் ஓரியூர்ச் சிறைக்கும் வந்திருப்பானோ?

கொலை செய்த வீரர்கள் பார்வையாளர்களை நோக்கித் தங்கள் நியாயத்தைச் சொல்லும் காட்சியும் அந்நாடகத்தில் உண்டு. சேதுபதி தரப்புக்கும் சொல்ல நிறைய இருந்திருக்கும். தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடியவர். அப்படிப்பட்டவர், தடையை மீறி வந்த அந்நியக் குருவின் பேச்சைக் கேட்டு நடக்கிறார். எந்த அரசன்தான் இதை வெறும் மத விஷயமாக நினைப்பான்? எனக்குத் தெரிந்து, பெண்ணின் புகார் சாக்கு மட்டுமே. அரசியலே காரணம்.

ஆனால் புனிதர் கதைகளில் பழியெல்லாம் அந்தப் பெண்மீதுதான். 1947-ல் அருளானந்தர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூரின் செம்மண்ணை அவர் இரத்தம் படிந்த மண் என்று பக்தர்கள் எடுத்துச் செல்கிறார்கள். எலியட் கேன்டர்பரியின் ஏழைப் பெண்களுக்கு மேடையில் குரல் கொடுத்தார், அவர்கள் பேசும் வரிகள்தான் அந்நாடகத்தில் மிகச் சிறந்தவை. அருளானந்தர் வரலாற்றை யாரேனும் தமிழில் கவிதை நாடகமாக்கினால், தடியத்தேவர் வீட்டிலிருந்து விலக்கப்பட்ட பெண்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்க ஆசை.